பாதி மருந்து

போன மழைக்கு எங்கள் மலையில், குண்டூர் நாடு என்று நாங்கள் சொல்கிற பகுதியில், ஒரு ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ரோட்டில் மண் சரிந்து பஸ் போகவில்லை. மருந்தோடு ஒரு ஆண் நர்ஸ் கீழிருந்து வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. சண்டை நடக்கிற நாட்டில் அகதிகளுக்கு மருந்து கொண்டு போனவராம். சுமை தூக்க நான் போனேன்.

அவர் மருந்தைச் சரிபாதியாக ரெண்டு பையில் போட்டார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க காட்டு வழியா போங்க. நான் ரோட்டுல வர்றேன்."

"ஏனுங்க, சேர்ந்தே போலாமுங்களே?"

"ஒருத்தர் போய்ச் சேரலைன்னாலும் இன்னொருத்தர் பை சேரணும்."

"இங்க நம்மள யாருங்க சுடப் போறாங்க? அட்டைதான் கடிக்கும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். குழந்தைகள் கண் செருகிக் கிடந்தன. பின்னால் வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார்.

"நீங்களும் வந்துட்டீங்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தைகளிடம் ஓடினார்.

குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. நான் ஒரு மேடு ஏறி இறங்கினேன், அவ்வளவுதான். அதற்கு அவர் ஏன் அழுதார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.