மேசைக்குத் துணி எடுத்த கதை

கள்ளக்குறிச்சியில் அந்தக் காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசையை நேரில் பார்த்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் மாமாவும் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அதை வைத்து ஒரு கடை நடத்துவது என்று முடிவு செய்தவர் அவர் ஒருவர்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லாரி ஓட்டினார். அதே லாரியை மாற்றி ஓட்டியவர் அவருடைய கூட்டாளி. தூங்கும்போதும் கையை ஸ்டேரிங் பிடித்த மாதிரி வைத்துக்கொள்வார் என்பதால் அவரை ஸ்டேரிங் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் வீடு ஊருக்குள், அவர் வீடு காலனியில். நான் அவரை மாமா என்று கூப்பிடும்போது எங்கள் தெருவில் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவம், அவர்களுக்கு மாமா இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்டேரிங் மாமாவிடம் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருந்தது. லாரி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். கரியாலூரோ உளுந்தூர்பேட்டையோ, எங்கே டீ குடித்தாலும் அதில்தான் குடிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று அந்தத் தம்ளரைத்தான் நீட்டுவார். அம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. இவ்வளவு சுத்தமான மனிதர் நம் ஊரிலேயே கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

மேசை கிடைத்தது மலைமேல். புளி ஏற்றப் போன இடத்தில், பாழடைந்த பங்களா ஒன்றின் தாழ்வாரத்தில் அது கிடந்தது. ஆறு குழி, யானைக்கால் மாதிரி ஆறு கால், அதன் மேல் ஒரு மலைக் குடும்பம் புளி காயவைத்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அந்த வேலை நடந்ததோ, மேசை மேல் ஒட்டியிருந்த துணி முழுக்கப் புளி நிறத்துக்கே வந்துவிட்டது. 'எடத்த அடைக்குது, எடுத்துக்கினு போங்க' என்றார்களாம். அடியில் இருந்த கல் பலகைகளைக் கழற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் கீழே இறக்கினார்கள்.

அதை இறக்கிய வாரத்தில்தான் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம். எனக்குத் தெரிந்த ஒதுக்கீடு, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பது. அதற்கு எதற்கு இவ்வளவு மரம் என்று புரியவில்லை. பஸ் ஓடவில்லை, லாரி ஓடவில்லை. எங்கள் தெருப் பையன்கள் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு அலைந்தார்கள். காலனிப் பையன்கள் நீலக் கொடி ஏற்றினார்கள். இரண்டு பக்கத்திலும் பேச்சு குறைந்து, பார்வை மட்டும் ஜாஸ்தியானது.

வேலை இல்லாமல் நின்ற இருவரும் கடையில் இறங்கினார்கள். பஸ் நிலையச் சாலையில் பெரியப்பாவுக்கு ஒரு கொட்டகை இருந்தது, முன்பு உரம் அடுக்கி வைத்த இடம். அதைக் கேட்டு வாங்கி மேசையைப் போட்டார்கள். கிழிந்த குழிவலைக்குப் பதிலாக வெங்காயச் சாக்கு தைத்தாயிற்று. மிச்சம் இருந்தது துணி ஒன்றுதான்.

துணி என்ன நிறம்? மாமா இந்த ஆட்டத்தைப் பார்த்தது டூரிங் கொட்டகையில், ஒரு பழைய படத்தில். கோட்டு போட்ட வில்லன் கோலை வைத்துக்கொண்டு சதி செய்வான். கோலை எப்படிப் பிடிக்க வேண்டும், ஒரு கண்ணை எப்படிச் சுருக்க வேண்டும் என்பதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். ஆனால் படம் கறுப்பு வெள்ளை.

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மாமாக்களும் உட்கார்ந்து நிறத்தை ஆராய்ந்தார்கள். சிவப்பு போட்டால் அது ஒரு கட்சி. கறுப்பு போட்டால் இன்னொரு கட்சி. வெள்ளை, பிணத்தின் மேல் போர்த்துவது. காவி போட்டால் சாமியார் மடம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். பச்சை போட்டால் பச்சைத் துண்டு விவசாயிகள் கரும்பு விலை பேச வந்து உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருக்கவே மாட்டார்கள். நான் ரோஸ் என்றேன். ஸ்டேரிங் மாமா மட்டும் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையாக யோசித்தார்.

அப்புறம் பெரியப்பா வந்தார். தெருவில் போராட்டத்துக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். மோசமான மனிதர் இல்லை. எனக்குப் பொரிகடலை வாங்கித் தருவார். அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மஞ்சத் துணி போட்டா கொட்டாய் உண்டு. இல்லாங்காட்டி மேசைய தூக்கிக்கினு மலைக்கே போங்க."

இந்தச் செய்தி காலனிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே அங்கிருந்து பதில் வந்தது. நீலம் போட்டால் ஆட வருவோம், மஞ்சள் என்றால் அந்த மேசை மேல் எங்கள் கை படாது. ஸ்டேரிங் மாமாவின் அண்ணன் மகனே வந்து அதைச் சொன்னானாம். மஞ்சள் போட்டால் கூட்டாளி போவான், நீலம் போட்டால் கொட்டகை போகும். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டேரிங் மாமா வாசலில் நின்றபடியே, "மச்சான், கடைய நீயே நடத்து. நான் சேலம் பக்கம் வேற லாரி பாத்துக்கறேன்" என்றார். டீ கூடக் குடிக்கவில்லை. தம்ளரை நீட்டாமலேயே போய்விட்டார். மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைக் குழப்பி, கையைக் கழுவிவிட்டார். பதினைந்து வருஷம் ஒரே லாரியில் ஒருவன் ஓட்ட ஒருவன் தூங்கி வந்தவர்கள் ஒரு துணிக்காகப் பிரிகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதேன்.

அம்மா அழவில்லை. மண்ணெண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ரேஷன் கடைக்குப் போனாள். நானும் போனேன். வரிசையில் ஸ்டேரிங் மாமாவின் மனைவி நின்றாள். ஸ்டேரிங் மாமா எனக்கு மாமா என்றால் அவள் அத்தைதானே, அப்படித்தான் கூப்பிடுவேன். அம்மாவும் அவளும் அதுவரை தலையசைத்துக்கொண்டதோடு சரி. அன்றைக்கு அம்மா வரிசையில் நாலு பேரை முன்னால் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னா தங்கச்சி, சேலம் போறாராமே?"

"எங்க போறது? ரோட்ல மரந்தான் படுத்துக்கினு கெடக்குது" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "ராத்திரியெல்லாம் தூங்கலக்கா" என்றாள்.

"இங்கயும் அதே கதைதான். துணி எடுக்கற வேலைய ஆம்பளைங்க கையில வுட்டா இப்பிடித்தான்."

மண்ணெண்ணெய் ஊற்றி வாங்கி முடிவதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். அத்தையின் கல்யாணப் புடவை இப்படிப் பார்த்தால் ஒரு நிறம், அப்படிப் பார்த்தால் ஒரு நிறமாம். இரண்டு நூலைச் சேர்த்து நெய்தால் வருவது. அதே மாதிரி மேசைக்கு நெய்தால் என்ன?

தறிக்காரத் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. மஞ்சளும் நீலமும் கலந்து கெட்டியாக ஒரு துணி, ஜமுக்காளத்துக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு கனத்தில் வேண்டும் என்று அம்மா சொன்னாள். தறிக்காரர், "எது பாவு, எது ஊடை?" என்று கேட்டார். பாவு நீளவாக்கில் முன்கூட்டியே கட்டியிருப்பது, ஊடை குறுக்கே ஓடுவது. எது நீளம், எது குறுக்கு?

வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா தறியைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள். தறிக்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நான் மறுபடி ரோஸ் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் முதலில் பேசினாள். "எங்க நெறம் குறுக்கயே போவட்டும்க்கா. நாங்க எப்பவும் குறுக்க வர்றவங்கன்னுதானே உங்க தெருவுல சொல்லிக்கினு இருக்காங்க."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அத்தை சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்தாள். அம்மா அப்படிச் சட்டென்று யார் கையையும் பிடிப்பவள் இல்லை. தறிக்காரர் வீட்டில் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அத்தை குடித்துவிட்டு வைக்க, அதே செம்பை எடுத்து அம்மா குடித்தாள்.

துணி வந்தது. கொட்டகையின் சாலைப் பக்கமாக நின்றால் மஞ்சள் தட்டியது, உள்பக்கமாக நின்றால் நீலம் ஓடியது, நேராக நின்றால் நல்ல பச்சை. அடியில் கம்பளி விரித்து இதை மேலே போடுவதாக ஏற்பாடு. பழைய துணியைக் கழற்றும்போதுதான் மாமா ஓ என்று கத்தினார். ஓரச் சட்டத்துக்கு அடியில் புளி படாமல் தப்பித்த ஒரு விரற்கடைத் துணி இருந்தது. அதுவும் பச்சை. அத்தை இழுத்துக்கொண்டு வந்திருந்த ஸ்டேரிங் மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். சேலம் லாரியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஆனால் திறப்பன்று காரியம் கெட இருந்தது. கெடுத்தது அம்மாவின் கை. எந்தப் புதுத்துணிக்கும் ஒரு மூலையில் மஞ்சள் வைக்காமல் அவளால் இருக்க முடியாது. பழக்கதோஷத்தில் குழைத்த மஞ்சளைத் தொட்டு மேசையின் மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

காலனிப் பையன்கள் நாலைந்து பேர் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் ஸ்டேரிங் மாமாவின் அண்ணன் மகன். அவன் மூலையைப் பார்த்தான், மஞ்சள் துண்டோடு நின்ற பெரியப்பாவைப் பார்த்தான்.

"பாத்தீங்களா சித்தப்பா? ஓரமா ஆரம்பிச்சிட்டாங்க" என்றான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கையில் இருந்த கோலைத் திருப்பிப் பிடித்தான். மாமாவின் முகம் செத்துப் போயிற்று. அம்மா கையில் மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏண்டா, உன் கல்யாண வேட்டிக்கு மஞ்ச வெக்காமயா கட்டின? நாந்தானே வெச்சேன்!" என்றாள். அம்மாவின் கிண்ணத்திலிருந்து மஞ்சளைத் தொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு வைத்தாள். அம்மா வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

அவன் தலையைச் சொறிந்தான். பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். பெரியப்பா, "மஞ்ச இருக்குதில்ல, அது போதும்" என்று தானே ஜெயித்த மாதிரி சொல்லிக்கொண்டு, சாலைப் பக்கமாகப் போய் நின்றார். காலனிப் பையன்கள் உள்பக்கமாக நின்று, நீலம்தான் என்று ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொண்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் பந்து போன பக்கம் ஆளும் போக வேண்டும். முதல் ஆட்டம் முடிவதற்குள் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே கலைந்துவிட்டது. பந்துகள் அந்தத் துணியில் மாட்டு வண்டி வேகத்தில்தான் உருண்டன. யாருக்கும் குறையில்லை. மாமா சொன்னபடியே பச்சைத் துண்டுக்காரர்கள் மறுவாரம் கரும்பு விலை பேச வந்து உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கவும் இல்லை.

அன்றைக்கு அம்மா எல்லோருக்கும் டீ போட்டு எங்கள் வீட்டுத் தம்ளர்களில் கொண்டுவந்தாள். ஸ்டேரிங் மாமா பையில் கையை விட்டுத் துழாவினார். அம்மா ஒரு தம்ளரை அவரிடம் நீட்டி, "இத புடிங்கண்ணே, ஆறிடும்" என்றாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தம்ளரை லாரியில் மறந்துவிட்டார், அதனால்தான் தயங்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் எதற்கு இருக்கிறேன்? ஓடிப்போய் லாரியில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, உங்க தம்ளர்!"

ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மா என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, கோலின் நுனியில் தேய்க்கும் சாக்கட்டிகளை அதில் போட்டு, மேசைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தாள். ஸ்டேரிங் மாமா எங்கள் வீட்டுத் தம்ளரில் வாய் வைத்து டீயைக் குடித்தார். சூடு தாங்கவில்லையோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. குடித்து முடித்த எல்லாத் தம்ளர்களையும் அம்மாவும் அத்தையும் ஒரே அண்டாவில் போட்டுக் கழுவினார்கள்.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் தம்ளர் எடுத்துப் போவதில்லை. எங்கள் வீட்டில் உள்ளே வந்து உட்கார்ந்து, கிடைத்த தம்ளரில் குடிப்பார். பக்கத்து டீக்கடையிலும் எல்லோரும் குடிக்கும் கிளாஸையே கேட்டு வாங்குவார். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஸ்டேரிங் மாமாவுக்கு வரவரச் சுத்தம் கம்மியாகிவிட்டது என்று ஒருநாள் அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஆமாண்டி, அது அப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.