விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

நான் வாழ்க்கைப்பட்ட வீடு மரக்காணம் கடைத்தெருவில், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்தது. விக்டோரியா ராணி காலத்தில் என் கணவரின் முன்னோர் உப்பு வியாபாரத்துக்காகக் கட்டியது. வாசல் வளைவுக்கு மேல் சுதையில் ராணியின் தலை, மூக்கு மட்டும் உடைந்து நிற்கும். எங்கள் காலத்தில் கீழே கயிறு, மண்வெட்டி, ஜன்னல் கண்ணாடி விற்றோம். மேலே நானும் அவரும் எட்டாவது படித்த எங்கள் மகளும்.

சுனாமி வந்த அன்று காலையில் கட்டில் லேசாக ஆடியது. அந்த வாரமே பின்பக்கச் சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தேன். கடையில் தொடங்கி மாடிச் சமையலறை வரை ஏறியிருந்தது. என் கணவர் அதன் மேல் சுண்ணாம்பு பூசினார். அடுத்த ஐப்பசி மழையில் பூச்சு பிளந்துகொண்டது. அவருடன் வானூரில் படித்த இன்ஜினியர் ஒருவரை நான்தான் பிடிவாதமாக வரவழைத்தேன்.

இன்ஜினியர் சாவியால் சுவரைச் சுரண்டினார். செங்கல் மாவாகக் கொட்டியது.

"நூறு வருஷமா இந்தச் சுவரோரம் உப்பு மூட்டைய அடுக்கி வெச்சிருக்கீங்கப்பா. செங்கல்லு பூரா உப்பு ஏறிப்போயிருக்குது."

கடையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி வரச் சொல்லி, சமையலறை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் சிமெண்டால் ஒட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுவர் நகந்தா இது ஒடஞ்சிரும். ஒடஞ்சா அன்னிக்கே காலி பண்ணிடுங்கம்மா. யோசிக்காதீங்க."

அதன்பின் கண் விழித்ததும் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்தேன். தெருவில் லாரி போனால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கணவர் முதலில் கேலி செய்தார். பிறகு எரிந்து விழுந்தார்.

மழை விடாமல் பெய்த வாரத்தில் ஒரு காலை, கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் பளிச்சென்று இருந்தது. முந்தின நாள்வரை அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தன. ஓரத்துச் சிமெண்டை அழுத்தினேன். காயாத சிமெண்டில் விரல் உள்ளே போனது.

இறங்கிப் போனேன். கடையில் அவர் மட்டும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தக் கண்ணாடிய எத்தினி தரம் மாத்துனீங்க?"

கயிற்றிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க."

"மூணு," என்றார். "எத்தினியோ புயலுக்கு நின்ன வூடு. நான் இருக்கசொல்ல காலி பண்ணணுமா? ஒரு வாரம் பொறுத்துக்க. மழை வுட்டுடும்."

"அந்தச் சுவரோரமாதான் நம்ம பொண்ணு உக்காந்து சாப்புடுது."

மழைக்குப் பள்ளி விடுமுறை. மகளையும் அவள் புத்தகப் பையையும் இழுத்துக்கொண்டு எதிரே இருந்த தையல் கடைக்குப் போனேன். அவர் வரவில்லை. தையற்காரர் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. தண்ணீர் ஓடும் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் புடவையைப் பிடித்திருந்த கையை எடுக்கவேயில்லை.

மூன்று மணிக்கு மேல், கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். இறக்கிவிட்டு மறுபடி திரும்பினார்.

"போவாதீங்க," என்று கையைப் பிடித்தேன். உதறவில்லை. அப்படியே நின்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பின்சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. லாரியிலிருந்து மணல் கொட்டுவதுபோல்தான் சத்தம் கேட்டது. மாடி ஜன்னல் வழியே, சமையலறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. சுண்ணாம்பு கரைந்து சாக்கடையில் வெள்ளையாக ஓடியது. என் கணவர் தெருவிலேயே குந்திவிட்டார். "சாவடிச்சிருப்பேனே," என்றார், யாரையும் பார்க்காமல். சுற்றி நின்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

முன்பாதி நின்றது. இன்ஜினியர் சொன்னபடி மாடியை இடித்து இறக்கிவிட்டு, அடுத்த ஆண்டு சித்திரையில் கடையை மட்டும் திறந்தோம். வாடகை வீட்டில் நாங்கள் தேவைக்குத்தான் பேசிக்கொண்டோம். ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னும் கோவமா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனார்.