சேவல் என்று எழுதிய பலகை

அப்போது நான் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் இருந்தேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. பென்சில் கையில் இருந்தால் சமாளித்துக்கொள்வேன். அதனால் எங்கள் மாதா கோயில் தேரின் பழைய பலகைகளை வரைந்து தரக் கேட்டபோது உடனே தலையாட்டினேன்.

உப்புக்காற்றில் பலகைகள் உளுத்துவிட்டன. என் படங்களைப் பார்த்துத்தான் ஆசாரி புதிதாகச் செதுக்க வேண்டும். ஆடு, புறா, காளை எல்லாம் சுலபமாக வந்தன. கடைசிப் பலகைதான் விளங்கவில்லை. தேரில் நெட்டுக்குத்தாக நின்ற அதன் உச்சியில் பல் பல்லாக ஒரு நீட்டம், நடுவில் இருபுறமும் விரிந்த சிறகுகள், அடியில் பிளந்த கால் போல ஏதோ ஒன்று.

"சேவல்பா இது. இராயப்பர் ஏசுவ மூணு தபா தெரியாதுன்னாரே, அப்போ கூவுன சேவலு," என்றார் ஆசாரி.

"அலகைக் காணமே?"

"தேஞ்சி பூட்சி. நீ எழுது."

படத்தின் கீழே பெரிதாகச் 'சேவல்' என்று எழுதினேன்.

"நாளைக்கி காலீல உளி வெச்சிடுவேன். தேக்கு ஒண்ணே ஒண்ணுதான் கீது, தம்பி. தப்பா வெட்டுனா வேற இல்ல."

பென்சில் கோட்டின்மேல் மை போட்டுத் தருவதாகச் சொல்லி, படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். எதை வரைந்தாலும் ஆணித் துளையை விடக்கூடாது என்பது பட்டறைப் பழக்கம். இதிலும் எல்லாத் துளைகளையும் குறித்திருந்தேன். மேலும் கீழும் இருந்தவை புதியவை. நீளவாக்கில் ஓர் ஓரமாக வேறு மூன்று இருந்தன. அவை பழையவை, மரத்துண்டு வைத்து அடைத்தவை. அப்படியானால் அந்த ஓரம் மேலே வர, இந்தப் பலகை முதலில் படுத்தல்லவா இருந்திருக்கிறது! யாரோ பழுது பார்க்கும்போது நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டார்கள்.

காகிதத்தைத் திருப்பினேன். சிறகுகள் துடுப்புகளாயின. கால் வாலாயிற்று. கொண்டை, இருபுறமும் பல் வைத்த ரம்பம். வேளா சுறா! அந்த ரம்ப மூக்கைத்தான் மீனவர்கள் கொம்பு என்பார்கள்.

செருப்பைக்கூடப் போடாமல் தேர்க் கொட்டகைக்கு ஓடினேன். ஆசாரியோடு நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளும் இருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். படத்தைப் படுக்கவைத்துத் தரையில் விரித்து, "சேவல் இல்லீங்க... வேளா," என்றேன்.

"இன்னா தம்பி, கோயில் தேருல மீனா?" என்று சிரித்தார் ஆசாரி.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "ஏன் ஆசாரி, எந்த ஊரு சேவலுக்கு ரெண்டு பக்கமும் கொண்டை மொளைக்குது? வலையில வேளா மாட்டி, ஆளு உசுரோட கரை ஏறினா கோயிலுக்குக் கொம்பு தர்றதா நேர்ந்துக்குவாங்களே, மறந்துட்டியா? எங்க வூட்டுல ஒண்ணு கீது, இரு!"

வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்த கொம்பைப் பழைய பலகைமேல் வைத்தாள். தேய்ந்த பல் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பல் வந்து நின்றது. நான் எண்ணி எண்ணிக் காட்டினேன். என் குரல்தான் அங்கே பெரிதாகக் கேட்டது.

ஆசாரி டீக் கிளாசை வைத்துவிட்டுக் கொம்பைத் தடவிப் பார்த்தார். "அடப்பாவி, நானு காலு செதுக்கியிருப்பேனே!"

'சேவலை' ரப்பரால் அழித்தேன். அவசரத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. வேறு வரைந்து தருகிறேன் என்றேன். ஆசாரி கேட்கவில்லை; பிடுங்கிக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்தார், படுக்கையாக.

"பேரு கிழிஞ்சா இன்னா? மீனு முழுசா கீது," என்று உளியை எடுத்தார்.