சாவியோடு அணைகிற ரேடியோ

பட்டறையில் அவளுக்கு ரிலே அக்கா என்றுதான் பெயர். வண்டிக்கு விளக்கோ மின்விசிறியோ ரேடியோவோ, எதைப் பொருத்தச் சொன்னாலும் ரிலே வைக்காமல் விடமாட்டாள். தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி அது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மின்சாரத்தை விடும். சாவியை எடுத்தால் நிறுத்திவிடும். "நேரா பேட்டரியில குடுத்துடுங்கக்கா, சுலபமா போச்சு" என்பவர்களிடம், "எரியுதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. அணையுதான்னு பார்க்கத்தான் நான் இருக்கேன்" என்பாள்.

ஊரார் வண்டியெல்லாம் ஒழுங்காக அணைந்தன. அணையாதது அவள் கணவன் ஓட்டும் பேக்கரி வேன் மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வேனை நிறுத்துவான், இறங்கமாட்டான். நண்பன் ஒருவன் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுத்த ரேடியோ பாடும், குட்டி மின்விசிறி சுழலும், போனில் சார்ஜ் ஏறும். உள்ளே அவள், பட்டறைக் கிரீசைக் கழுவிய கையோடு அரிசி களைந்து, காய் நறுக்கி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பாள். சோறு ஆயிற்றா என்று ஹாரன் கேட்கும். களைத்த ஆணுக்கு ஓய்வு, களைத்த பெண்ணுக்கு அடுப்பு என்று எந்த இயற்கை விதியில் எழுதியிருக்கிறதோ!

இறங்கும்போது எதையாவது அணைக்க மறப்பான். காலையில் வேன் கிளம்பாது. தெருவே சேர்ந்து தள்ளும்.

"நமக்கு நேரம் சரியில்ல" என்றான் ஒரு நாள், வியர்த்து வழிந்தபடி.

"நேரம் பேட்டரியைக் குடிக்காது. உங்க கச்சேரிதான் குடிக்குது."

"என் புள்ள மேல யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றாள் மாமியார்.

"இன்னும் வைக்கல அத்தை. ஞாயித்துக்கிழமை வைக்கிறேன்."

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வேனுக்குள் தலையை விட்டாள். நண்பனின் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு ரிலேயைப் பொருத்தினாள். அதை எழுப்பும் மின்சாரத்தை எடுக்க ஃப்யூஸ் பெட்டியில் இரண்டு இடங்கள் உண்டு. சாவியின் முதல் திருப்பத்தில் உயிர் வருவது ஒன்று. ரேடியோவுக்கு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். சாவியை இன்னொரு முறை திருப்பினால்தான் உயிர் வரும் இரண்டாவதை அவள் எடுத்தாள். அந்தத் திருப்பத்தில்தான் சீட் பெல்ட் போடாதவனைப் பார்த்து வேன் 'கீ கீ' என்று கத்தும்.

மறுநாள் சாயங்காலம் வேன் அப்படிக் கத்தியதில் அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து, கட்டிலில் விழுந்தான். அடுத்த நாள் வாசலில் மறுபடி பாட்டு. கத்தல் இல்லை. வயரிங்கில் தப்பு செய்துவிட்டோமோ என்று பதறி ஓடிப்போய்ப் பார்த்தாள். நின்ற வண்டியில் பெல்ட் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஊருக்குப் பயணம்?"

"பெல்ட் போட்டா கத்த மாட்டேங்குது" என்றான், பெருமையாக.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள். அவளும் பெல்ட் போட்டாள்.

"நீ ஏன் ஏறுற?"

"நானும் வேலை முடிச்சுதான் வந்திருக்கேன்."

"அப்ப சோறு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நாள் பூரா ஓட்டிட்டு வர்றேன். ஒரு மணி நேரம் நிம்மதியா உக்காரக் கூடாதா?"

"தாராளமா உக்காருங்க. நாள் பூரா வண்டிக்கு அடியில படுத்துட்டு வர்றேனே, என்னோட ஒரு மணி நேரம் எங்க?"

பாட்டு முடிந்து செய்தி தொடங்கியது. ஜன்னலில் மாமியாரின் தலை தெரிந்தது.

"ரெண்டு பேரும் எங்கடா கிளம்பிட்டீங்க? எனக்குப் பசிக்குது!"

அவன் அவளைப் பார்த்தான். அவள் நேரே சாலையைப் பார்த்தாள், வண்டி ஓடிக்கொண்டிருப்பதைப் போல. கடைசியில் அவன் பெல்ட்டைக் கழற்றினான். வேன் கத்தியது. இறங்கி உள்ளே போனான்.

அவள் எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். எல்லாம் அடங்கின. உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.

"அரிசி எத்தனை டம்ளர்?"

"மூணு!"

"தண்ணி?"

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்தாள்.