எக்ஸுக்கு என்ன கொண்டு போவது?

"அத்தை, உங்க வீட்ல எக்ஸ்ரே இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் பயந்துபோனேன். யாருக்கு என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேசியது ரேவதி – என் தம்பி மகள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அந்த வாரம் வகுப்பில் எக்ஸ் எழுத்தாம். குழந்தைகளுக்குக் காட்ட ஒரு எக்ஸ்ரே வேண்டுமாம்.

"என் மூட்டு எக்ஸ்ரேதான் இருக்கு. வந்து எடுத்துக்கினு போ" என்றேன். வந்தாள். விழுப்புரத்தை விட்டு நகரவே யோசிக்கும் என் வலது முழங்கால், அன்று மதியமே திண்டிவனம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பள்ளியில் வாரத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் பொருள் ஒன்றைக் குழந்தைகள் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். வகுப்புக்கு முன்னால் நின்று காட்டிப் பேர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள், மிஸ் மணிக்கட்டில் பேனாவால் ஒரு ஸ்டார் போடுவார். ஆப்பிள், பலூன் எல்லாம் சுலபம். க்யூ, எக்ஸ், இஸட் வரும்போதுதான் டீச்சர்களுக்குத் தலைவலி ஆரம்பம். க்யூவுக்கு ஒரு குழந்தை கிரீடம் வைத்து ராணியாகவே வந்து இறங்கியதாம். எக்ஸுக்கு?

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? ங-வுக்குச் சங்குப் படத்தைப் போட்டு, நடுவில் ஒளிந்திருக்கும் எழுத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறோம். ஔ-வுக்கு ஔடதம்... மருந்துக்குக்கூட யாரும் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை.

ரேவதியின் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு குழந்தை. மயிலம் பக்கத்துக் கிராமம். அப்பா கல் கிரஷரில் வேலை பார்த்தவர். அம்மா செல்வி கூலி வேலைக்குப் போகிறவர். ஏழைக் குழந்தைகளுக்கு அரசாங்கம் ஒதுக்கும் இலவச சீட்டில் இந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த சீட்டுக்காக செல்வி எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினார் என்பது தனிக்கதை.

தர்ஷினி கே எழுத்துக்குக் கேப்பையைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்தாளாம். எம் எழுத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை! ரேவதி சிரித்துக்கொண்டே ஸ்டார் போடப் போயிருக்கிறாள். வகுப்பை மேற்பார்வை பார்க்கும் அம்மையார் தடுத்துவிட்டார். இங்கிலீஷ் வார்த்தைக்குத்தான் ஸ்டாராம். பிறகு பல வாரங்கள் தர்ஷினி ஒன்றுமே கொண்டு வரவில்லை. அந்த வீட்டில் டெடி பேர் ஏது, பியானோ ஏது?

எக்ஸ் வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்த படத்தோடு வந்தார்கள். ஒரு பையன் ஆன்லைனில் வாங்கிய, எக்ஸில் தொடங்கும் சைலஃபோன் பொம்மையைத் தட்டிக்கொண்டே வந்தான். தர்ஷினி மட்டும் தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த ஒரு பழுப்பு கவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே. அசல் பிலிம்.

ரேவதி அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெயில் பட்டதும் விலா எலும்புகள் பளிச்சென்று தெரிந்தன. மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடியது. என் மூட்டை ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"எக்ஸ் ஃபார் எக்ஸ்ரே. இது எங்கப்பா" என்றாள் தர்ஷினி. கைதட்டல். முதல் ஸ்டார். எல்லாக் குழந்தைகளும் அந்த ஜன்னலுக்கு முன்னால் கைகளை நெஞ்சில் குறுக்கே மடித்து எக்ஸ் போட்டு நிற்க, ரேவதி போட்டோ எடுத்தாள். வழக்கம்போல அது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது.

பிலிமின் மூலையில் அப்பாவின் பெயர் இருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

கவனித்தார் ஒருவர். அவர் டாக்டர் இல்லை. ஏதோ ஒரு லேபில் வேலை பார்க்கும் ஓர் அப்பா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'இது டி.பி. லங்ஸ் மாதிரி இருக்கே, இந்தப் பேர்ல யாரோட அப்பா?' என்று போட்டார். அவ்வளவுதான். குரூப் பற்றிக்கொண்டது. தன் பையன் அந்த பிலிமைத் தொட்டுவிட்டான் என்று ஒரு அம்மா அவனை இரண்டு முறை குளிப்பாட்டினாராம். பிலிமைத் தொட்டால் டி.பி. வருமா? கேட்க ஆள் இல்லை. மறுநாள் காலை பள்ளி கேட்டில் கூட்டம்.

ரேவதி அழுதுகொண்டே போன் செய்தாள். "அத்தை, நான்தான் அந்தக் கொழந்தைய மாட்டி உட்டுட்டேன். நீங்க வந்து ப்ரின்சிபல்கிட்ட கொஞ்சம் பேசுங்க." அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

ப்ரின்சிபல் அறையில் எனக்கு நாற்காலியும் டீயும் கிடைத்தன. செல்வி நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தர்ஷினி அம்மாவின் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு என் டீயைப் பார்த்தாள்.

"வியாதி போன வருசமே முடிஞ்சு போச்சுங்க மேடம்" என்றார் செல்வி. "ஒரு நாள்கூட உடாம மாத்திரை சாப்ட்டாரு. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பாப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமே இல்ல. வேணும்னா ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேளுங்க."

"நான் நம்புறேன்மா. பேரன்ட்ஸ் நம்பணுமே" என்றார் ப்ரின்சிபல். "கொஞ்ச நாள் பாப்பாவ வீட்ல வெச்சுக்குங்க. எல்லாம் அடங்கட்டும். நானே கூப்பிடுறேன்."

"பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு டாக்டரைப் பேச வைக்கலாமே?" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பத்திரிகைல நீங்க எழுதுற பத்திய வாராவாரம் படிக்கிறேன் மேடம். நல்லா எழுதுறீங்க. ஆனா நாளைக்குப் பாதி கிளாஸ் டி.சி. கேட்டா, நீங்களா வந்து ஸ்கூல் நடத்துவீங்க?"

வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேனே... அன்று அந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்துவந்தேன். என் மீதே எனக்குக் கோபம் வந்தது. இன்றுவரை அது தணியவில்லை.

வெளியே வந்ததும் செல்வி ரேவதியிடம் பிலிமைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செக்கப்புக்குப் போனால் கேட்பார்களாம். ரேவதியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு ராத்திரி கைய கழுவ மாட்டேன்னு ஒரே அழுகை மிஸ்ஸு. ஸ்டார் அழிஞ்சு போயிடுமாம். இடது கையாலயே சாப்ட்டுக்கினு இருந்திச்சு" என்றார்.

தர்ஷினி ரேவதியின் துப்பட்டாவை இழுத்தாள்.

"மிஸ், அடுத்த வாரம் ஒய்யாமே... ஒய்க்கு இன்னா எடுத்துக்கினு வரணும்?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

"யெல்லோடா குட்டி. மஞ்சள் கலர்ல எதுனா கொண்டா" என்றாள் ரேவதி. வேறு என்ன சொல்வாள்?

வீட்டில் டி.பி. வந்தவர் இருந்தால் வெளியே சொல்லாதே, மறைத்து வை என்று ஊர் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் குழந்தைக்கு அதை இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்பாவின் நெஞ்சை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, எங்கப்பா என்று பெருமையாகச் சொன்னது. இனிமேல் சொல்லாது. நாம் எழுத்தைவிட வேகமாகக் கற்றுக்கொடுக்கிறோம்.

போன சனிக்கிழமை ரேவதி என் வீட்டில் இருந்தபோது செல்வியின் போன் வந்தது.

"மிஸ்ஸு, பாப்பா தெனம் ஒரு சாமந்திப்பூவ பையில வெச்சிக்கினு வாசல்ல குந்திக்கினு கீது. ப்ரின்சிபல் மேடம் இன்னும் கூப்புடல. திங்கக்கெழம இட்டுக்கினு வரட்டுமா?"

ரேவதி, "கேட்டுச் சொல்றேன்க்கா" என்றாள்.

வகுப்பில் இந்த வாரம் இஸட். அதோடு எழுத்துகள் எல்லாம் முடிகின்றன. அந்தக் 'கொஞ்ச நாள்' மட்டும்தான் முடியவில்லை.