சம்பந்தி ஊரில் ரோடு மூடுமுன்

என் மருமகள் இமாசலத்து மலைக் கிராமத்துப் பெண். மகன் டெல்லியில் வேலை பார்த்தபோது பழகி, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடும் கட்டிக்கொண்டான். பிறகு சென்னைப் பக்கம் வேலை கிடைத்து வந்துவிட்டான். அவள் திண்டிவனத்தில் எங்களோடு இருந்தாள். அவன் வாராவாரம் வந்து போவான். வந்த வருஷத்திலேயே தமிழ் பிடித்துக்கொண்டாள், எங்கள் ஊர்த் தமிழ்.

அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே என்பதுதான். கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"டிசம்பர்ல எங்க ஊர்ல பனி அத்தை. ரோடு மூடிடும்."

"பனிக்கு எதுக்கும்மா ரோடு மூடுறாங்க? தலையில ஒரு துண்டைக் கட்டிக்கினா போச்சு" என்றேன்.

நான் கண்ட பனி மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. அவள் சிரித்துக்கொண்டே போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவர்கள் வீட்டின் ஜன்னல் பாதிவரை வெள்ளையில் புதைந்திருந்தது. வாசல் எது என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மலை இறங்க வேண்டும், பனி விழுந்துவிட்டால் பஸ் ஓடாது என்றாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது, பிரசவம் இங்கேதான் என்று.

ஆனால் அவளுக்குத் தன் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். வாய் திறந்து சொல்லவில்லை. சாயங்காலம் போன் வரும் நேரம் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கும் வர ஆசைதான். பனிக்காலத்துக்கு வேண்டியதையெல்லாம் வீட்டில் சேர்த்து வைக்காமல் கிளம்ப முடியாது. பனி விழுந்த பிறகும் கிளம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்க வேண்டும். அந்த ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டுவார். விறகைச் சுவரோடு சுவராகக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். மாட்டுக்குப் புல் அறுத்துக் காயவைத்து, ஜடை பின்னுவது போல முறுக்கி மரக்கிளைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். கூரைமேல் முள்ளங்கி வில்லைகள் காய்ந்துகொண்டிருந்தன. கோதுமை மாவு, பருப்பு, மண்ணெண்ணெய், அவர் வீட்டுக்காரருக்குக் கம்பளிக் காலுறை. வீட்டுக்காரர் மாட்டோடு தனியாக இருக்கப் போகிறவர் என்பதால் எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று அவருக்கும் காட்டி, எங்களுக்கும் காட்டினார்.

"பனி எப்ப வரும்னு கேளு" என்பேன் மருமகளிடம்.

"இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுமாம் அத்தை. சோளக் கதிருல தோல் தடிப்பா இருக்குதாம். மேல மலையில இருக்கிற கருப்புக் குருவிங்க இப்பவே கீழ வந்துடுச்சாம். ரொம்ப ஜாஸ்தி விழும்னு சொல்றாங்க."

என் வீட்டுக்காரருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், எதற்கும் போனைப் பார்ப்பவர். வானிலை பார்க்கும் இடத்தில் திண்டிவனத்துக்குக் கீழே சம்பந்தி ஊரையும் போட்டு வைத்திருந்தார். காலையில் காபியோடு வாசிப்பார்: "திண்டிவனம், மேகமூட்டம். சம்பந்தி ஊரு, வெயிலு. பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா ஏன் பேஜாராவுறாங்க?"

எங்களுக்கும் மழைக்கு முந்திய வேலைகள் இருந்தன. ஒருநாள் சம்பந்தியம்மா என் வீட்டைக் காட்டச் சொன்னார். போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்து, போனைத் தன் பக்கம் திருப்பினார். அங்கே அவர் வீட்டுக்காரர் கூரைமேல் உட்கார்ந்து, விலகிய கல்பலகைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கை தூக்கிக்கொண்டார்கள்.

தீபாவளி கழிந்த சமயம் ஒரு சாயங்காலம் மருமகள் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். அங்கே மழை பெய்து புல் நனைந்துவிட்டதாம். மறுபடி காயவைத்துத்தான் கிளம்ப வேண்டும். அதற்குள் பனி விழுந்துவிட்டால் வர முடியாது, என்னை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பப் போன் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எனக்கு இந்தி தெரியாது. தமிழிலேயே சொன்னேன்: "இங்க பாருங்க சம்பந்தி. புல்லு காயும். உங்க வீட்டுக்காரரு பார்த்துக்குவாரு. பொண்ணு வாயைத் திறந்து கேக்க மாட்டேங்குது, நான் கேக்குறேன். ஜல்தியா வந்துடுங்க."

அவர் அவருடைய பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. மருமகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள், அழுகை வந்துவிட்டது.

"என்னம்மா சொன்னாங்க?"

"டிக்கெட் போடச் சொல்றாங்க அத்தை."

டெல்லியிலிருந்து வரும் ரயில் விழுப்புரத்தில் நிற்கும். கார்த்திகையில் ஒரு காலை, மகன் கார் எடுத்துவர, எல்லோரும் ஜங்ஷனுக்குப் போனோம். தடித்த ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துணியுமாக, ஒரு மூட்டையை இடுப்பில் அணைத்தபடி இறங்கினார். மகளைக் கட்டிக்கொண்டு அவள் வயிற்றில் கை வைத்தார். பிறகு என்னையும் இழுத்துக் கட்டிக்கொண்டார். விறகுப் புகை வாசனை அடித்தது. கார் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஸ்வெட்டர் மடிக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இந்த மாசத்தில் இவ்வளவு பச்சையா என்று கேட்டாராம்.

மூட்டையில் அக்ரூட்டும் காய்ந்த பழமும் குழந்தைக்குக் கம்பளித் தொப்பியும் இருந்தன. கை சும்மா இருக்காத மனுஷி. இங்கே வந்தும் கத்திரிக்காயை வில்லை போட்டு மாடியில் காயவைத்தார். மத்தியானம் மழை வந்து அத்தனையும் கொழகொழவென்று ஆகிவிட்டது. மறுநாளும் போட்டார், மறுநாளும் மழை. அப்புறம் கைகூப்பி மேகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விட்டுவிட்டார்.

டிசம்பர் நடுவில், விடியற்காலை வலி கண்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் இன்னொரு கையை அவர் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. நர்ஸ் வந்து, "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, கிறிஸ்துமஸ் குடிலை வழக்கம்போல் வைத்தோம். என் வீட்டுக்காரர் பனி என்று பஞ்சைப் பிய்த்து எல்லா இடத்திலும் ஒட்டினார். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கூரைமேல் பஞ்சைக் கூட்டி, தாழ்வாரத்தின் கீழே எடுத்துவிட்டு, குடில் வாசலிலிருந்து மாடு நிற்கும் இடம்வரை விரலால் ஒரு சின்னப் பாதை ஒதுக்கினார். பனி விழுந்தால் முதலில் இந்த வழியைத்தான் வெட்டுவோம் என்று மகள் வழியாகச் சொன்னார்.

இத்தனைக்கும் அங்கே பனி வரவே இல்லை. தினமும் வெயில் என்றே போன் சொன்னது. என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "சம்பந்தியம்மாவைக் கேளும்மா, அந்தக் கருப்புக் குருவிங்க என்னா ஆச்சின்னு."

மருமகள் கேட்டாள். அவர் குழந்தையின் காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார். மருமகள் சிரித்துவிட்டாள்.

"குருவி ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சாம் மாமா. சீக்கிரம் பனி வரும்னு சொன்னாத்தான் அப்பா சீக்கிரம் அனுப்புவார்னு நெனச்சாங்களாம்."

என் வீட்டுக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அவரும் சிரித்தார்.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் வீடியோ கால் வந்தது. திரை முழுக்க வெள்ளை. சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர் தோளிலும் தொப்பியிலும் பனியோடு நின்று, ரோடு மூடிவிட்டது, பங்குனிவரை நீ வர முடியாது என்றார். கூரையில் சேர்ந்ததைத் தள்ளினீர்களா, மாட்டுக்குச் சுடுதண்ணீர் வைத்தீர்களா என்று இந்தம்மா அதட்ட, அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மருமகள் குழந்தையைத் தூக்கித் தாத்தாவிடம் காட்டினாள். வெளியே தூறல் ஆரம்பித்தது. நானும் சம்பந்தியம்மாவும் கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை எடுக்க மாடிக்கு ஓடினோம்.