நிறைந்துபோன நினைவகம்

எதையும் தூக்கி எறியாதவள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘பொக்கிஷம்’ என்று பெயர். வைத்தவர் அத்தான், அக்காவின் கணவர். கெட்டுப்போன சார்ஜர், வார் அறுந்த பை, தேறாத பரீட்சையின் விடைத்தாள்கூட அவள் அலமாரியில் இருக்கும். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். கைக்கு வந்தது போய்விடுமோ என்ற பயம் மட்டும் அவளை விட்டதேயில்லை.

வேலை, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில். அத்தான் ஓட்டும் ஆஸ்பத்திரி லிஃப்டும் அவள் பொறுப்புதான். அதன் மின்பலகையில் ஒரு சில்லு, சின்ன ‘சிப்’, உண்டு. கட்டுப்பாட்டுக்கு, பிரேக்குக்கு, மோட்டாருக்கு என்று மின்சாரத்தை வரிசை தவறாமல் விடும். எங்காவது சப்ளை விட்டுப்போனால் அதைப் பதிவாகக் குறித்தும் வைக்கும். மாதாமாதம் லேப்டாப்பை மாட்டிப் பார்ப்பாள். லிஃப்ட் பொருத்திய காலத்துப் பதிவுகளே இருக்கும். சாட்சி போய்விடக் கூடாதென்று அவற்றை அழிக்காமலே மூடிவிடுவாள்.

“மூணாவது மாடி தாண்டும்போது ஒரு இழுப்பு இழுக்குதும்மா. கருகுற வாடை வேற.”

“புதுசா ஒரு பதிவும் இல்லையே அத்தான்.”

“அப்போ என் மூக்குதான் ரிப்பேர். அதையும் லேப்டாப்ல மாட்டிப் பாரு.”

அன்று மொட்டைமாடி மோட்டார் அறையில், பிரேக்கைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருப்பதைப் பார்த்தாள். படமெடுக்கப் போனாள். இடமில்லை என்றது போன். பழையதை அழித்தால்தான் புதிது எடுக்கலாமாம்.

கை அப்படியே நின்றது. சில்லின் கையேட்டில் படித்திருந்தாள்: நாலைந்து பதிவுதான் கொள்ளும், நிறைந்தால் அழிக்கும்வரை எதையும் எழுதாது. படித்ததோடு சரி. இத்தனை நாளும் அதன் வாயை அடைத்து வைத்திருந்தது தான்தானோ? லேப்டாப்பை மின்பலகையில் மாட்டினாள்.

அத்தானைப் போனில் கூப்பிட்டாள். “நீங்க வெளிய வந்துடுங்க. காலி லிஃப்டை மட்டும் மேல அனுப்புங்க. யாரையும் ஏத்தாதீங்க.”

“நான் இல்லாம அதுக்கு வழி தெரியுமா?” என்று சிரித்தார். “சரி, அனுப்புறேன்.”

பழைய பதிவுகளை நகலெடுத்துக்கொண்டு அழித்தாள். திரை வெறுமையானது. கீழே கதவு மூடும் சத்தம். மோட்டார் உறுமியது.

முதல் பதிவு விழுந்தது. மோட்டார் ஓடும்போதே பிரேக்குக்கான சப்ளை விட்டுப்போயிருந்தது. சப்ளை போனால் பிரேக் கவ்வும். ஒவ்வொரு பயணத்திலும் ஓட ஓடக் கவ்வி, அது தேய்ந்து தூளாகியிருக்கிறது. நிறுத்தச் சொல்ல மறுபடி போன் போட்டாள்.

அவர் போனின் மணியோசை லிஃப்ட் குழிக்குள்ளிருந்து கேட்டது.

“கோவிச்சுக்காதம்மா,” என்றார் அத்தான். “ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. ஆபரேஷனுக்கு அவசரமாம். பேஷண்டைத் தனியா விட முடியுமா?”

மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தால் மொத்தப் பாரத்தையும் அந்தத் தேய்ந்த பிரேக்தான் தாங்க வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது பதிவு. மூன்றாவது. அடுத்தது விழுந்ததும் நினைவகம் நிறைந்தது. இனி அவர் மூக்குதான் சாட்சி.

“அத்தான், பேசிக்கிட்டே இருங்க.”

“என்னத்தப் பேச?”

“வாடை வருதா?”

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“வருதும்மா,” என்றார். “இன்னிக்கு ரொம்ப வருது.”

குரலில் சிரிப்பு இல்லை. திரையில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.